தறிச் சத்தத்தைப் படமெடுக்க முடியுமா?

கேள்வி: கோவையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் குமாரபாளையம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு புகைப்படத் தொடர் எடுத்து, ஏப்ரலில் கல்லூரி வராந்தாவில் மூன்று நாள் கண்காட்சி வைக்க வேண்டும். கூவாகம், தூத்துக்குடி உப்பளம், காசிமேடு என்று மூன்று ஐடியா சொன்னேன். "எல்லாம் பார்த்ததுதான், புதுசா யோசி" என்று கைடு சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 1500டி, கிட் லென்ஸ், ஒரு 50 எம்எம் லென்ஸ். அதிகம் செலவு செய்ய முடியாது. வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடுகிறது, அப்பா கூலிக்கு வேட்டி நெய்து கொடுக்கிறார். ரெண்டு கேலரிக்கு மெயில் போட்டேன், பதிலே இல்லை. புது ஐடியாவை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்காட்சியை எப்படி வைப்பது? வீட்டில் பேசலாம் என்றால் தறிச் சத்தத்தில் போனில் ஒன்றும் கேட்காது, அம்மா தெருமுனைக்கு வந்துதான் பேசுவார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.
- ஒரு மாணவர், குமாரபாளையம்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். போன் பேச அம்மா தெருமுனைக்கு வருவார் என்கிறீர்கள். யாரிடமும் பேச முடியாததற்குக் காரணமாக அதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே உங்கள் ப்ராஜெக்ட்டாகத் தெரிகிறது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த மூன்று ஐடியா. கைடு வேண்டாம் என்றது சரி. ஆனால் அவர் சொன்ன காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாருமே படமெடுக்காத விஷயம் என்று இன்றைக்கு எதுவும் மிச்சமில்லை. அதைத் தேடிக் கிளம்பினால் படிப்பு முடிந்துவிடும், ஐடியா கிடைக்காது. நான் கேட்பது இதைத்தான்: அங்கே நீங்கள் எத்தனை தடவை திரும்பப் போக முடியும்? கூவாகம் திருவிழா சித்திரா பௌர்ணமியை ஒட்டி வருவது. பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, இல்லாவிட்டால் மே. அதற்குள் உங்கள் கண்காட்சியே முடிந்திருக்கும். தூத்துக்குடிக்குக் கோவையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு சனி, ஞாயிறு. காசிமேட்டில் அதிகம் போனால் ரெண்டு விடியற்காலை. ரெண்டு நாள் மட்டும் நிற்கிறவருக்கு, முன்னால் ரெண்டு நாள் நின்றவர்களுக்குக் கிடைத்த படம்தான் கிடைக்கும். உப்புக் கூடை சுமக்கும் பெண், பின்னால் இறங்குகிற சூரியன். ஏலக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கத்துகிறவர். மோசமான படங்கள் என்று சொல்லவில்லை. யார் எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் குறை.

திரும்பத் திரும்பப் போகும்போதுதான் ஆட்கள் மாறுவார்கள். முதல் நாள் எல்லாரும் கேமராவைப் பார்ப்பார்கள், சட்டையைச் சரிசெய்வார்கள். அடுத்தடுத்த நாட்களில் "இன்னும் என்னப்பா எடுக்கற" என்பார்கள். அப்புறம் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உங்கள் படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்களும் மாறுவீர்கள். முதல் வாரம் கண்ணில் பட்டதெல்லாம் ரெண்டாவது வாரம் சலித்துவிடும். சலித்த பிறகும் எதன் பக்கம் கேமரா போகிறதோ, அதுவே உங்கள் விஷயம்.

மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரனின் வேலையைத் தேடிப் பாருங்கள். கூவாகத்துக்கு வரும் திருநங்கைகளை அவரும் எடுத்திருக்கிறார். திருவிழாக் கூட்டத்தை விட்டுவிட்டு, அவர்கள் தங்குகிற லாட்ஜ் அறைகளுக்குள் இருந்து எடுத்தார். நெருங்கிப் பழகாத ஒருவருக்கு அந்த அறைக் கதவு திறந்திருக்காது. பிறகு 2020 ஊரடங்கில் வாடிப்பட்டிக்கே திரும்பி, தன் வீட்டையும் குடும்பத்தையும் எடுத்தார். ஒரு தலித் குடும்பத்தின் அன்றாடத்தை அதற்குள்ளிருந்தே பார்க்கிற படங்கள் அவை. விஷயம் பழையதா புதியதா என்று அவற்றைப் பார்க்கிற யாருக்கும் கேட்கத் தோன்றாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். "விசைத்தறித் தொழிலாளர்களின் வாழ்க்கை" என்று தலைப்பு வைத்துக்கொண்டு பட்டறைக்குள் நுழையாதீர்கள். அப்படி நுழைந்தால் நூல்களுக்குப் பின்னால் ஒரு முகம், ஜன்னல் வெளிச்சத்தில் பறக்கிற பஞ்சு, சுருக்கம் விழுந்த கை என்று மூன்று படம் உடனே வரும். நாலாவது வராது. தலைப்பை வைத்துக்கொண்டு எதையும் எடுக்கலாம், அதனால் எதுவும் சேராது. ஒரு கேள்வி இருந்தால், எதை எடுக்க வேண்டும் என்பதோடு எதை விட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உங்களுக்கான கேள்வியை உங்கள் கடிதமே சொல்கிறது: இவ்வளவு சத்தத்துக்குள் இந்தத் தெரு மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்?

படத்தில் சத்தம் கேட்காதே என்று தோன்றும். கேட்காதுதான். ஆனால் சத்தம் ஆளின் உடம்பில் தெரியும். அம்மா போன் பேசும்போது பாருங்கள். ஒரு காதில் போன், இன்னொரு காதை விரல் அடைத்திருக்கும், தலை தெருவை விட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். எவ்வளவு தூரம் நடந்து வந்த பிறகு பேச ஆரம்பிக்கிறார்? எந்த வீட்டு வாசல் வந்ததும் குரல் இறங்குகிறது? அந்த நடையே ஒரு தொடர்தான். பட்டறைக்குள் ஒருவர் அடுத்த தறிக்காரரை எப்படிக் கூப்பிடுகிறார்? தோளைத் தொட்டா, கையைத் தட்டியா, லைட்டை அணைத்துப் போட்டா? நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, டீ வந்தது என்பதற்கெல்லாம் கை ஜாடை இருக்கிறதா? எட்டுத் தறிக்கும் ஒரே ஜாடையா, ஆளுக்கு ஒன்றா? காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறவர் யார், எதையும் வைக்காமல் நிற்கிறவர் யார்? பட்டறையை ஒட்டிய அறையில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்? வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் முதல் பத்து நிமிடம் எப்படி முகத்தைச் சுளிக்கிறார்? வெளியூர்ப் போட்டோகிராபர் ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்தால் தறியைத்தான் எடுப்பார். அம்மா எந்த வாசலில் நிற்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாளும் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு காலை 9 மணியிலிருந்து மின்தடை அறிவிக்கிறார்களே, அந்த ஷட்டவுன் நாள். தெரு முழுக்கத் தறி நின்றுவிடும். அன்றைக்கு ஆட்கள் எங்கே உட்காருகிறார்கள், என்ன பேசுகிறார்கள், பழக்கதோஷத்தில் இன்னமும் கத்திப் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். ஓடுகிற நாளில் எடுத்த அதே இடத்தில் நின்று ஒரு சில படங்களைத் திரும்ப எடுங்கள். எல்லா இடத்திலும் அப்படி ஜோடி சேர்க்க வேண்டாம். நாலைந்து ஜோடி போதும், அதற்கு மேல் போனால் வித்தை காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

கை ஜாடைகளை மட்டும் தனித் தொகுப்பாக எடுக்கச் சொல்வேன். ஜெர்மனியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் என்று பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். எப்போதும் மங்கலான வானம், நேரான கோணம், ஒரே மாதிரி தூரம். அந்தப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி மாட்டினார்கள். எல்லாம் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் உள்ள வித்தியாசம் சட்டென்று கண்ணில் படும். உங்கள் 50 எம்எம் லென்ஸ் அந்தக் கேமராவில் 80 எம்எம் மாதிரி வேலை செய்யும், இடுப்புக்கு மேல் உருவம் எடுக்க அருமையானது. பட்டறை வெளிச்சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிழலான நேரம், ஒரே தூரம். "நூல் அறுந்துபோச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஒன்பது பேர் கிடைத்தால் மூன்றுக்கு மூன்றாக ஒரு கட்டம் தயார்.

கேமரா பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு உங்கள் 1500டி தாராளம். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வைத்தால் ஓடுகிற தறி நின்ற தறியாகத் தெரியும், படத்தில் இருந்த சத்தம் போய்விடும். 1/15, 1/8 என்று இறக்குங்கள். ஆள் அசையாமல் நிற்கிற கணத்தில் அமுக்கினால், முகம் தெளிவாகவும், நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா போகிற வழி ஒரு கோடாகவும் விழும். பத்துக்கு ஒன்று தேறினால் நல்ல கணக்கு. பட்டறைத் தரை அதிரும் என்பதால் ட்ரைபாடை நம்ப வேண்டாம். சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக் கையிலேயே எடுங்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் கால்களுக்கு அடியில் வேஸ்ட் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். பழைய ட்யூப் லைட் நம் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிவது அதனால்தான், 1/50-க்குக் கீழே போனால் தொந்தரவு இல்லை. லென்ஸை மட்டும் பட்டறைக்குள் கழற்றாதீர்கள். பறக்கிற பஞ்சு சென்சாரில் உட்கார்ந்தால் வெள்ளைச் சுவர், வெள்ளை வேட்டி எல்லாவற்றிலும் புள்ளி விழும்.

கறுப்பு வெள்ளையில் எடுக்கலாமா என்று கட்டாயம் யோசிப்பீர்கள், எல்லா மாணவர்களும் யோசிக்கிறார்கள். வேண்டாம். தறி என்றாலே பழைய காலம் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார், கறுப்பு வெள்ளை அதற்குத் துணைபோகும். உங்கள் தெருவில் இன்றைக்கு ஓடுகிற தறி இது. வேட்டியின் கரை, பிளாஸ்டிக் குடம், செல்போன் கவர், ட்யூப் லைட்டின் பச்சை எல்லாம் படத்தில் இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் நீங்கள் முதலாளியின் மகன். அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவர்தான், பெரிய முதலாளி இல்லை என்று சொல்வீர்கள். ஆனால் தறியில் நிற்கிறவர் பக்கமிருந்து பாருங்கள். உங்கள் பகுதியில் முன்பணம் வாங்கிக்கொண்டு தறிக்கு வருகிற வழக்கம் உண்டு. அப்படி வாங்கியவரிடம் முதலாளி மகன் கேமராவோடு வந்து "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அண்ணா" என்றால், வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்வார்? சிரித்துக்கொண்டே நிற்பார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இல்லாதபோது, அவர்கள் மனம்விட்டுப் பேசக்கூடிய ஒருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஓட்டியதற்குத்தான் கூலி என்பதால், உங்களுக்காகத் தறியை நிறுத்தினால் அந்த நேரம் அவருக்கு நஷ்டம். அதனால் ஜாடைப் படங்களை டீ நேரத்திலோ ஷட்டவுன் நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த படத்தைச் சின்ன பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுங்கள். "இது வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள். அது உங்கள் மிகச் சிறந்த படமாக இருந்தாலும் சரி.

அப்பாவிடமும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பட்டறைக்குள் எடுக்கிற படத்தில் தொங்குகிற ஒயரும் தெரியும், நெருக்கடியும் தெரியும். கோவையில் அந்நியர்கள் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் கேமராவை அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். மதுரையில் மீன் விற்கும் அம்மாவின் மகனான பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்தவர், வடசென்னைப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து, அவர்கள் தங்கள் பகுதியை எடுத்த படங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார். வெளியிலிருந்து வருகிறவர் நிற்காத இடத்தில் அந்தப் பிள்ளைகள் நிற்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தெருவில் எது முக்கியம் என்பது உங்களுக்கே புதிதாக இருக்கலாம். அவர் எடுத்ததில் ஒன்று தேறினால், அவர் பெயர் போட்டே வையுங்கள்.

குறிப்பு எழுதுவதை ஒத்திப்போடாதீர்கள். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908 முதல் பஞ்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தார். தன் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை அளந்து வைத்திருந்து, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் உயரத்தைக் கண்ணாலேயே கணித்தார். பெயர், வயது, என்ன வேலை, எத்தனை நாளாக என்று குறித்துக்கொண்டார். குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பில் அந்தப் படங்கள் ஆதாரமாக நின்றதற்கு, படங்களின் கீழே இருந்த அந்த வரிகளும் ஒரு காரணம். நீங்களும் அன்றன்றைக்கு ராத்திரி எழுதிவிடுங்கள்: யார், எத்தனை வருடமாகத் தறி ஓட்டுகிறார், எந்த ஷிப்ட், காது எப்படி இருக்கிறது. மார்ச்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் "ஒரு தொழிலாளி" என்றுதான் எழுத வரும்.

அப்புறம் படங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ராபர்ட் ஃப்ராங்க் 1955-56-ல் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி எடுத்தது 27,000 படங்களுக்கு மேல். அதில் ஆயிரம் போல் பிரிண்ட் போட்டு, வீட்டுச் சுவரிலும் தரையிலும் பரப்பி, தள்ளித் தள்ளி, கடைசியில் புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டது 83. லேப்டாப்பில் நட்சத்திரம் போட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரையில் ஒரு நேரத்தில் ஒரு படம்தான் தெரியும், எல்லாம் நன்றாகவே தெரியும். நூறு படங்களை 4-க்கு 6 அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுத் தரையில் பரப்புங்கள். ஒரே விஷயத்தைச் சொல்கிற ரெண்டு படத்தில் ஒன்று போகட்டும். கஷ்டப்பட்டு எடுத்தோம் என்பதற்காக வைத்திருக்கிற படம் போகட்டும், உங்கள் கஷ்டம் பார்க்கிறவருக்குத் தெரியாது. தறி தெரிந்த ஒருவரையும் தறியே பார்க்காத ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள். "இதுல என்ன நடக்குது?" என்று கேளுங்கள். ரெண்டு பேருமே தப்பாகச் சொன்னால் அந்தப் படம் பேசவில்லை.

கண்காட்சியை முதலில் கல்லூரியில் வைக்காதீர்கள். ஊரில் வையுங்கள், பட்டறைக்குள்ளேயே. அடுத்த ஷட்டவுன் நாளில், தறிகள் நிற்கும்போது, ரெண்டு கயிறு கட்டி கிளிப்பில் தொங்கவிடுங்கள். மின்சாரம் இருக்காது, அதனால் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துக் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பெரிய பிரிண்ட் வேண்டாம், அந்தச் சின்ன பிரிண்ட்டுகளே போதும். படத்தில் இருக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும். எந்தப் படத்தின் முன்னால் நின்று பேசுகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்தக் குறிப்பில் "இது தப்பு தம்பி" என்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். எந்தக் கைடும் எந்த ஜூரியும் சொல்ல முடியாத திருத்தங்கள் அங்கே கிடைக்கும். தங்கள் படம் ஊருக்குத் தெரியாமல் கோவையில் தொங்கியது என்று யாருக்கும் வருத்தமும் இருக்காது.

கல்லூரி வராந்தாவுக்கு வருவோம். முதலில் டேப் எடுத்துச் சுவரை அளங்கள். 20 அடிச் சுவர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 240 அங்குலம். 12-க்கு 18 அளவில் படுக்கைவாட்டப் படங்கள் எட்டு வைத்தால் படங்களுக்கே 144 அங்குலம் போகும். மிச்சம் 96. ரெண்டு ஓரத்தையும் சேர்த்து ஒன்பது இடைவெளி, ஒவ்வொன்றும் பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் இடம். இருபது படத்தை அங்கே திணித்தால் பார்க்கிறவர் நடந்துகொண்டே இருப்பார், நிற்க மாட்டார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 அங்குலம் வாக்கில் இருக்கட்டும், சராசரி ஆளின் கண் உயரம் அது. மேல் விளிம்பை வைத்து வரிசை பிடித்தால் அளவு மாறுகிற இடத்தில் கோணலாகத் தெரியும். நடுவை வைத்துப் பிடியுங்கள். ஜாடைக் கட்டத்துக்குப் பக்கத்துச் சுவரைக் கேட்டு வாங்குங்கள், அதை மற்ற படங்களோடு கலக்க வேண்டாம்.

உங்கள் கேமராவின் படம் 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) கணக்கில் 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரை நன்றாக வரும், அதனால் 12-க்கு 18 பயமில்லாத அளவு. பளபளப்பில்லாத மேட் பேப்பரில் போட்டு, சன்போர்டு என்கிற லேசான பலகையில் ஒட்டுங்கள். கண்ணாடி ஃப்ரேமுக்குக் காசை வீணாக்க வேண்டாம், வராந்தா ட்யூப் லைட் அதில் எதிரொளித்து, பார்க்கிறவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஃப்ளெக்ஸில் அடிக்க வேண்டவே வேண்டாம். பட்டறைக்குள் எடுத்த படங்கள் திரையில் தெரிவதைவிட இருட்டாக பிரிண்ட் ஆகும். லேப்டாப் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துத் திருத்துங்கள், ரெண்டு படத்தை மட்டும் சோதனைக்குப் போட்டு, அந்த வராந்தாவிலேயே வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

ரெண்டு யோசனைகளை நண்பர்கள் நிச்சயம் சொல்வார்கள். படங்களை வேட்டித் துணியில் அச்சடித்துத் தொங்கவிடு என்பார்கள். ஸ்பீக்கர் வைத்துத் தறிச் சத்தத்தை ஓடவிடு என்பார்கள். ரெண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. துணி காற்றில் ஆடும்போது முகங்கள் நெளியும், துணியைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சத்தத்தை ஒலிபரப்பினால் படங்கள் அதற்கு விளக்கப்படமாகிவிடும். அம்மாவின் விரல் காதை அடைத்திருக்கிற படத்தைப் பார்க்கிறவர், தானாகவே அந்தச் சத்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அந்த வராந்தா கொஞ்சம் அமைதியாக இருந்தாக வேண்டும்.

நுழைவாயிலில் ஒட்டுகிற குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலம் கேட்டால் பக்கத்தில் வையுங்கள். "நெசவாளர்களின் சொல்லப்படாத துயரங்களைக் கேமராக் கண்ணால் பதிவுசெய்யும் முயற்சி" என்று எழுதினால் அது யாருடைய கண்காட்சிக்கும் பொருந்தும். இப்படி எழுதலாம்: "எங்கள் வீட்டை ஒட்டி எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. போன் வந்தால் அம்மா தெருமுனைக்கு நடந்துபோய்ப் பேசுவார். தறியில் நிற்பவர்கள் ஒருவரோடு ஒருவர் கையால் பேசிக்கொள்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் மின்சாரம் நிற்கும்போது மட்டும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் எல்லாரும் பேசுவது கேட்கும். இந்தப் படங்கள் அந்த இரண்டு வகை நாட்களிலும் எடுத்தவை. படத்தில் இருப்பவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இங்கே வைக்கப்பட்டுள்ளன." உண்மை நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நீளத்துக்கு மேல் போனால் நின்று படிக்க மாட்டார்கள்.

கேலரிகள் பதில் போடவில்லை என்று வருந்த வேண்டாம். படம் இல்லாத ஐடியாவுக்கு யாரும் பதில் போட மாட்டார்கள். பத்துப் படமும் இந்தக் குறிப்பும் கையில் வந்த பிறகு எழுதுங்கள். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. சென்னை போட்டோ பியனாலே என்கிற புகைப்படத் திருவிழா 2016-ல் தொடங்கியதிலிருந்து பொது இடங்களிலும் படங்களைக் காட்டிவருகிறது. கொச்சி பியனாலே என்கிற கலைக் கண்காட்சியோடு சேர்ந்து மாணவர் பியனாலே ஒன்றும் நடக்கிறது. இவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆனால் இந்த ஏப்ரலுக்கு அவை தேவையில்லை. ஊர் நூலகத்திலோ நீங்கள் படித்த பள்ளியிலோ இடம் கேட்டால் கிடைக்கும், தறிக்காரக் குடும்பங்கள் அங்கே கூச்சமில்லாமல் வருவார்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கும் வேட்டி சேலைத் திட்டம் 1983-ல் தொடங்கியது. ஈரோடு, நாமக்கல் வட்டாரத் தறிகளுக்கு அது பெரிய வேலை. ஒரு வேட்டி உங்கள் தெருத் தறியிலிருந்து இறங்கி, கடைசியில் யார் இடுப்புக்குப் போகிறது என்று பின்தொடர்ந்தால் அதுவும் ஒரு தொடர். அதற்கு அலைச்சலும் அனுமதிகளும் அதிகம், ஒரு வருடமாவது வேண்டும். படிப்பு முடிந்த பிறகு எடுங்கள்.

இப்போதைக்கு, அடுத்த ஷட்டவுன் தேதியை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். நாள் நெருங்கும்போதுதான் பேப்பரில் வரும், கோவையிலிருந்து கிளம்ப நேரம் இருக்காது. இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள், ஜாடைகளைப் பார்த்துக் குறித்து மட்டும் கொள்ளுங்கள். முதல் நூறு சின்ன பிரிண்ட் போட்டதும் அவற்றைத் தரையில் பரப்பி, மேலிருந்து போனில் ஒரே படமாக எடுத்து எனக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுப்பதில் என்னால் ஆனதைச் செய்கிறேன்.